புற்றுக்குள்ளே ஒரு சம்சாரி

(பண்ணை ஒலிபரப்பில் பேசியது)



போன வாரம் ஆலங்குளம் பக்கம் ஒரு மானாவாரிக் காட்டுக்குப் போயிருந்தேன். புரட்டாசி முழுக்க ஏமாற்றிய வானம் முதல் நாள் ராத்திரிதான் கண் திறந்திருந்தது. ஊருக்குள் நுழையும்போதே தெருவிளக்குக் கம்பத்தடியில் ஈசல் இறகு குவிந்து கிடந்தது. மைனாவும் காக்கையும் இரட்டைவால் குருவியும் காலைச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக் கொண்டிருந்தன.

காட்டுக்காரர் என்னைவிட வயசில் மூத்தவர். என்னைப் பார்த்ததும் பேச்சுக் கொடுக்காமல் ஒரு கடலைச் செடியைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். காயின் மேல்தோலை யாரோ நகத்தால் சுரண்டியது போல் இருந்தது. சில காயில் நரம்பு மட்டும்தான் மிச்சம். சிலதில் ஓட்டை விழுந்து உள்ளே மண் அடைந்து கிடந்தது.

"செல்லு அரிச்சிருச்சு சார். ஒரே போடா போடுற மாதிரி ஒரு மருந்து சொல்லுங்க. பொழி ஓரத்துல ஒரு புற்று இருக்கு, அதையும் ஜே.சி.பி. விட்டுத் தோண்டிரலாம்னு பேசி வச்சிருக்கேன்" என்றார்.

"மருந்தை அப்புறம் பேசுவோம் அண்ணாச்சி. முதல்ல அந்தப் புற்றைப் பார்ப்போம்" என்று சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே அவரிடம் சொன்னதைத்தான் இன்றைக்கு உங்களிடமும் சொல்லப் போகிறேன்.

மண்வெட்டியால் புற்றின் ஓரத்தைக் கையகலம் தட்டிவிட்டோம். முதலில் வந்தவை பெரிய தலையும் கொடுக்குப் போன்ற தாடையும் உள்ள காவற்காரக் கறையான்கள். அவை ஓட்டையைச் சுற்றி நின்றுகொண்டன. பின்னாலேயே வேலைக்காரக் கறையான்கள் வந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு மண் உருண்டை. எச்சிலைச் சேர்த்துப் பிசைந்த உருண்டையை வைக்கும், அழுத்தும், திரும்பிப் போகும். அடுத்தது வந்து அதன் பக்கத்தில் வைக்கும். நாங்கள் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் பாதி ஓட்டை அடைபட்டுவிட்டது. அத்தனைக்கும் இந்த வேலைக்காரர்களுக்குக் கண் கிடையாது. வாசனையும் அதிர்வும்தான் அவற்றுக்கு வழி.

இப்படிப் பிசைந்து கட்டிய மண்ணைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதே இடத்துச் சாதாரண மண்ணைவிடப் புற்று மண் சுமார் பத்து மடங்கு வலுவாக இருந்ததாம். நம் ஊர் சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் போட்டு வேகவைத்துச் செய்கிற காரியத்தை, இந்தப் பூச்சி எச்சிலை வைத்தே செய்துவிடுகிறது.

கறையானை வெள்ளை எறும்பு என்று சொல்பவர்கள் உண்டு. அது எறும்புச் சாதியே அல்ல. எறும்பு குளவிக்குச் சொந்தம். கறையான் கரப்பான் பூச்சிக்குச் சொந்தம். எறும்புதான் கறையானுக்கு முதல் பகையாளி. உலகத்தில் ஏறக்குறைய 3,000 வகைக் கறையான் இருக்கிறது. அதில் வீட்டுக்கோ பயிருக்கோ கேடு செய்வது சுமார் பத்தில் ஒரு பங்குதான். மற்றவை காட்டிலும் மேட்டிலும் செத்த மரம், உதிர்ந்த சருகு, காய்ந்த சாணி என்று தின்றுகொண்டு தம் பாட்டுக்கு இருப்பவை.

புற்று என்றாலே நமக்குப் பாம்பு நினைவு வரும். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதைதான் உங்களுக்குத் தெரியுமே. பாம்புக்குப் புற்றுக் கட்டத் தெரியாது. உள்ளே வெயில் படாது, ஈரம் காயாது, அதனால் வந்து தங்கிக்கொள்கிறது. உடும்பும் புற்றைத் தோண்டி அதற்குள் முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பால் ஊற்றுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் புற்றுக்குள் நிஜமாகக் குடியிருப்பது ஒரு சம்சாரிக் குடும்பம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சம்சாரி என்று நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. நம் பக்கம் புற்றுக் கட்டுகிற கறையான் காளான் வெள்ளாமை செய்கிறது. காய்ந்த தட்டையையும் சருகையும் அதனால் நேரடியாகச் செரிக்க முடியாது. என்ன செய்கிறது தெரியுமா? தின்று, அரைகுறையாகச் செரித்துக் கழித்ததை ஒன்றுசேர்த்து, புற்றின் அடியில் கடற்பஞ்சு போலத் துளை துளையாக ஒரு பாத்தி கட்டுகிறது. அந்தப் பாத்தியில் ஒரு வகைக் காளான் பரவி, தட்டையில் உள்ள கெட்டியான நாரை எல்லாம் மெதுவாக்கித் தருகிறது. மேலே மேலே புதுக் குப்பை சேரும். அடியில் பக்குவப்பட்ட பழையதைக் கறையான் தின்னும். நாம் எருக்குழியில் அடிக்குப்பையை முதலில் அள்ளுவதில்லையா, அதே கணக்குத்தான். பாத்தியில் குண்டூசித் தலை மாதிரி வெள்ளை வெள்ளையாகக் காளான் முளை தெரியும். புற்றை வெட்டிப் பார்த்தவர்கள் அதைக் கறையான் முட்டை என்று நினைத்திருப்பீர்கள்.

வெளியே பங்குனி வெயில் 40 டிகிரி கொளுத்தினாலும், உள்ளே அந்தக் காளான் பாத்தி இருக்கும் அறையில் ஏறக்குறைய 30 டிகிரிதான் இருக்கும். இந்தத் தோட்டத்தை வெளியுலகத்துக்கு எழுதிக் காட்டிய முதல் ஆட்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டில் இருந்தவர். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் வைத்தியராக இருந்த கோனிக் என்ற துரை, தஞ்சாவூர்ப் பக்கத்துப் புற்றுகளை வெட்டிப் பார்த்து 1779-ல் கட்டுரை எழுதினார்.

இதில் என்னை அசத்திய விஷயம் இன்னொன்று. தோட்டம் என்றால் களை முளைக்காமல் இருக்குமா? காளான் பாத்தியிலும் வேறொரு பூசணம் களையாக வரும். விட்டால் பாத்தி முழுவதையும் மூடிவிடும். பெங்களூரில் பேராசிரியை ரெனீ போர்ஜஸ் அம்மையாரும் அவருடைய மாணவர்களும் இதைச் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். கறையான் வாசனையை வைத்தே பயிர் எது, களை எது என்று பிரித்து, களைப் பூசணத்தை மட்டும் மண் போட்டு மூடிப் புதைத்துவிடுகிறதாம். களை எடுக்க ஆள் கிடைக்காமல் நாம் படுகிற பாட்டில், இதைக் கேட்டால் பொறாமையாகத்தான் இருக்கிறது! மனிதன் விவசாயத்துக்கு வந்து சுமார் 10,000 வருஷம். கறையான் காளான் போட ஆரம்பித்துச் சுமார் 3 கோடி வருஷம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

மழைக்குப் பிறகு புற்றடியில் முளைக்கும் புற்றுக்காளான் இந்தத் தோட்டத்துக் காளான்தான். அதன் தண்டு மண்ணுக்குள் வேர் மாதிரி நீண்டு பாத்தி வரைக்கும் போகும். தின்னத் தெரிந்தவர்கள் சொல்லாமல் எந்தக் காளானையும் வாயில் வைக்காதீர்கள்.

ஈசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு புற்றிலும் ராஜா ஒன்று, ராணி ஒன்று. ராணி விரல் தடிமன் ஊதி, நகர முடியாமல் கிடந்து, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மழை விழுந்து மண் இளகிய அன்றைக்குப் புற்றிலிருந்து இறகு முளைத்த இளவட்டங்கள் கிளம்பும். அதுதான் ஈசல். இறகை உதிர்த்துவிட்டு ஆணும் பெண்ணும் சோடி சேர்ந்து மண்ணுக்குள் இறங்கிப் புதுக் குடும்பம் தொடங்கும். ஆயிரத்தில் ஒன்று தப்பினால் பெரிது. பாக்கி எல்லாம் பறவைக்கும் பல்லிக்கும் தவளைக்கும் தீனி. ஒரு காலத்தில் நமக்கும்தான். விளக்கை வைத்து ஈசல் பிடித்து, வறுத்து, பொரியோடு கலந்து தின்ற ருசியைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். மேற்கே மலையில் கரடி புற்றைப் பறித்து உறிஞ்சும். அழுங்கு நீள நாக்கை விட்டு நக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021-ல் ஏற்பட்டது. அந்தக் காட்டில் சருகு மக்குவதில் ஒரு பெரும் பங்கு இந்தப் பூச்சியின் வேலை.

சரி, நம் காட்டுக்கு வருவோம். நம் மாவட்டத்தில் வருஷ மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதிலும் ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் கொட்டித் தீர்த்துவிடும். மானாவாரிக்காரனுக்கு மழை பெய்தது பெரிதல்ல, பெய்த மழை மண்ணில் இறங்கியதா என்பதுதான் பெரிது. மேல்மண் ஆடை கட்டிக் கிடந்தால் தண்ணீர் ஓடையைப் பார்த்து ஓடிவிடும். இங்கேதான் கறையான் உதவுகிறது. சருகுக்கு அடியிலும் சாணிக்கு அடியிலும் அது போடுகிற பொந்துகள் மேலே இருந்து கீழ்மண் வரைக்கும் போகும். மழைத் தண்ணீர் அந்த வழியாக இறங்கும், வேருக்குக் காற்றும் போகும். அடியில் இருக்கிற களிமண்ணை மேலே கொண்டுவந்து போடுவதும் அதன் வேலைதான்.

மேற்கு ஆஸ்திரேலியாவில், மழை குறைந்த கோதுமைக் காட்டில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியில் மருந்து போட்டு எறும்பையும் கறையானையும் ஒழித்தார்கள். இன்னொரு பகுதியில் அப்படியே விட்டார்கள். 2011-ல் வெளியான முடிவு என்ன சொல்கிறது? பூச்சி இருந்த பகுதியில் மகசூல் 36 சதம் கூடுதல். மழைத் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது, மண்ணில் தழைச்சத்தும் கூடியிருந்தது. எல்லா ஊரிலும் அதே 36 கிடைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. வறண்ட காட்டில் இந்தப் பூச்சியை ஒட்டுமொத்தமாக ஒழிப்பது லாபமா நஷ்டமா என்று நின்று யோசிக்க அந்தக் கணக்குப் போதும்.

ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ என்று ஒரு தேசம். அங்கே யாகூபா சவடோகோ என்ற சம்சாரி, 1980 வாக்கில் பெரும் பஞ்சத்தில் நிலமெல்லாம் பாறை மாதிரி இறுகிப் போனபோது, கோடையிலேயே சிறு சிறு குழிகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் குப்பையைப் போட்டு வைத்தார். குப்பைக்குக் கறையான் வந்தது. வந்தது குழிக்கு அடியிலெல்லாம் பொந்து போட்டது. மழை பெய்ததும் தண்ணீர் குழியிலேயே இறங்கி நின்றது. அதில் சோளமும் கம்பும் விதைத்தார். தரிசு திரும்பவும் காடானது. 2018-ல் அவருக்கு உலகப் புகழ் பெற்ற ரைட் லைவ்லிஹுட் விருது கொடுத்தார்கள். 2023-ல் காலமானார். கறையானைக் கூலி இல்லாத ஆளாக வேலைக்கு வைத்துக்கொண்ட மனிதர் அவர்.

"அப்படின்னா என் கடலையை ஏன் சார் தின்னுச்சு?" என்று கேட்டார் நம் அண்ணாச்சி. நியாயமான கேள்விதான்.

கறையானுக்குப் பிடித்தது காய்ந்ததும் செத்ததும்தான். பச்சைப் பயிருக்கு அது வருவதற்கு மூன்று நாலு காரணம் இருக்கும். காட்டில் வேறு தீனி இல்லாமல் போவது முதல் காரணம். பருத்திமாரைப் பிடுங்கி எரித்து, சோளத்தட்டையைப் படப்புக்குக் கொண்டுபோய், காட்டைத் துடைத்து வைத்துவிட்டால், மண்ணுக்குள் இருக்கிற கறையான் எங்கே போகும்? இருக்கிற பயிரைத்தான் பார்க்கும். அடுத்தது, மக்காத குப்பை. பச்சைச் சாணியும் தட்டையுமாகக் குப்பை அடித்து, உடனே விதைத்தால், நாமே பந்தி வைத்துக் கூப்பிட்டது போல் ஆகும். வறட்சியில் வாடிய பயிருக்குக் கறையான் சீக்கிரம் வரும் என்பதும் தெரிந்த விஷயம். கடைசியாக ஒன்று, முற்றிய கடலையைப் பிடுங்காமல் மண்ணிலேயே வைத்திருப்பது.

அண்ணாச்சி விஷயத்தில் இந்தக் கடைசிக் காரணம்தான் பெரிது. "காய் முத்திப் பத்து நாள் ஆச்சு சார். ஆள் எங்க இருக்கு? தீபாவளி வருதுல்ல, எல்லாரும் ஃபயராபீசுக்குப் போயிட்டாங்க" என்றார். நம் சிவகாசி வட்டாரத்தில் இது வருஷா வருஷம் நடப்பது. பட்டாசுக்கு வேலை கூடுகிற நேரமும் ஆடிப்பட்டத்துக் கடலை பிடுங்குகிற நேரமும் ஒன்றாக வந்து விழுகின்றன. அடுத்த வருஷம் விதைக்கும்போதே இந்தக் கணக்கையும் பார்த்து, ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைக்காமல் பிரித்து விதைத்தால், வீட்டு ஆட்களை வைத்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கலாம்.

சுரண்டிய கடலையில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. தோல் போன காய்க்குள் ஒரு பச்சைப் பூசணம் நுழைந்து, அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் அவித்தாலும் முழுதாகப் போகாது. ஆகவே கறையான் கடித்த காயைத் தனியாகப் பொறுக்கி ஒதுக்கிவிடுங்கள். நல்ல காயோடு கலந்து எடை போடாதீர்கள். விதைக்கு வைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுக்காதீர்கள். "மாட்டுக்காவது போடுவோமே" என்பார்கள் வீட்டில். கூடவே கூடாது, பால் வழியாகவும் அந்த நஞ்சு வரும். நல்ல காயை ஈரம் போகக் காயவைத்தே மூட்டை பிடிக்க வேண்டும்.

இனி மருந்து. என் தகப்பனார் காலத்தில் கறையான் என்றால் பி.எச்.சி. பவுடர்தான். கையாலேயே அள்ளித் தூவுவார். மாட்டுத் தொழுவத்து மூலையில் அந்தப் பை கிடக்கும், அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அது வருஷக் கணக்கில் மண்ணில் கிடந்து பாலிலும் தாய்ப்பாலிலும் கூட வந்து சேர்ந்தது. 1997-ல் நம் நாட்டில் தடை செய்தார்கள். கறையானுக்கென்றே பேர் போன ஆல்டிரின், குளோர்டேன், ஹெப்டகுளோர், லிண்டேன் எல்லாமும் தடையாகிவிட்டன. பழைய டப்பா யார் வீட்டிலாவது கிடந்தால் தொடாதீர்கள். இன்றைக்கு எது அனுமதி என்ற பட்டியல் அடிக்கடி மாறுகிறது. கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வராமல், வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். அதுவும் கடைசி வழியாக, கேடு வந்த இடத்துக்கு மட்டும்.

மருந்துக்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. நன்றாக மக்கிய குப்பையை மட்டும் அடியுங்கள். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு போடுங்கள். கோடை உழவு செய்தால் மண்ணுக்குள் உள்ள வழிகள் கலைந்துபோகும். பருத்திமாரை எல்லாம் எரித்துவிடாமல் கொஞ்சத்தைப் பொழி ஓரத்தில் போட்டு வையுங்கள், கறையானுக்கு அங்கேயே சாப்பாடு கிடைத்துவிடும். புதிதாக வைத்த தென்னங்கன்று வாடினால் குழியைக் கிளறிப் பாருங்கள். கறையான் இருந்தால் அந்த மட்டையையும் நாரையும் அப்புறப்படுத்தி, குழியில் மணலும் வேப்பம்புண்ணாக்கும் இட்டு, தண்ணீர் காயவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய தென்னையில் அரிப்புக் கண்டால் மண்ணைச் சுரண்டிவிட்டு 5 சதம் வேப்பெண்ணெய்க் கரைசலைப் பூசலாம். மாமரத்துப் பட்டையில் மண் பூச்சு கண்டு பலர் பதறிப்போய் வருகிறார்கள். பெரும்பாலும் அது செத்த பட்டையைத்தான் தின்கிறது. மண்ணைத் தேய்த்துவிட்டு உள்ளே பச்சையாக இருக்கிறதா பாருங்கள். பச்சையாக இருந்தால் மரத்துக்கு ஒன்றும் இல்லை.

புற்றுமண்ணைப் புண்ணுக்கு அப்புகிற பழக்கம் சில ஊரில் இன்னும் இருக்கிறது. வேண்டாம், ரணஜன்னி வந்துவிடும். களம் மெழுக எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு அதைவிட நல்ல மண் இல்லை. புற்று இருக்கும் இடத்தில் ஊற்று இருக்கும் என்று வராகமிகிரர் காலத்திலிருந்தே ஒரு நம்பிக்கை உண்டு. கறையானுக்கு ஈரம் வேண்டும் என்பது மெய்தான். அதை மட்டும் நம்பி லட்ச ரூபாய் செலவழித்துப் போர் போடாதீர்கள்.

எல்லாப் புற்றையும் விட்டுவைக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கண்மாய்க் கரையில் புற்று இருந்தால் தயவு பாராமல் எடுக்க வேண்டும். கரைக்குள் குடைந்த பொந்து வழியாகத் தண்ணீர் கசிந்து, மண்ணை அரித்து, கண்மாய் நிறைந்த ராத்திரியில் கரை உடைத்துக்கொள்ளும். மேலே மட்டும் கொத்திவிட்டால் பயன் இல்லை. காளான் பாத்தியும் ராணி அறையும் தெரியும்வரை தோண்டி எடுத்து, களிமண்ணை ஈரமாக இட்டுத் திமிசு போட வேண்டும். தண்ணீர் பெருகுவதற்கு முன்பே ஊராட்சியிலோ நீர்வளத்துறையிலோ சொல்லிவிடுங்கள். வீட்டு நிலைக்கதவு, தானியக் குதிர், அச்சாபீசுக்காரர்கள் வைத்திருக்கும் காகிதக் கட்டு, இவையும் அப்படித்தான். சுவரை ஒட்டாமல் பலகை மேல் வைத்தால் மண் வழி ஏறுவது உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அண்ணாச்சியின் புற்று பொழியில் ஒதுங்கி இருந்தது, கரையை விட்டும் வீட்டை விட்டும் தூரம். "சரி, கிடந்துட்டுப் போகட்டும்" என்று ஜே.சி.பி.காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ராத்திரி மழையில் மண் இளகியிருந்ததால் பிடுங்க வசதி. மகன் இரண்டு நாள் ஃபயராபீசுக்கு லீவு போட்டான், மருமகளும் பேரன் பேத்தியும் சேர்ந்துகொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் பாதிக் காட்டைப் பிடுங்கிவிட்டார்கள். பொறுக்கி ஒதுக்கிய சொத்தைக் காய் ஒன்றரைச் சாக்கு இருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் எத்தனை சாக்காகியிருக்கும் என்று அவரே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மிச்சக் காட்டை இந்த வாரம் பிடுங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.